ஸ்டீரிங்குக்குக் கீழே

அந்த விளக்கின் மேல் அன்புராஜ் கறுப்பு டேப்பை ஒட்டாமல் இருந்திருந்தால் சுமலதா அதை மறந்துகூடப் போயிருப்பாள். டேப் ஒட்டிய பிறகுதான் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

ஊத்துக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில் நெல் பயிரிடும் குடும்பம் அவர்களுடையது. அவள் புருஷன் அன்புராஜ் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். மாமியார் சின்னப்பொண்ணு மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்கிறாள். சுமலதா தினமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு, கார்களுக்கு வயர் கட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வருகிறாள். வீட்டில் ஒரு வெள்ளைக் கார் உண்டு. யாரோ ஆசை தீர ஓட்டி முடித்ததை அன்புராஜ் வாங்கி வந்திருந்தான். விதை மூட்டை ஏற்ற, உறவு வீட்டு விசேஷத்துக்குப் போக, எல்லாவற்றுக்கும் அதுதான். வந்த கொஞ்ச நாளிலேயே அதன் மீட்டர் பலகையில் எஞ்சின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரியத் தொடங்கியது.

புதுவாயல் கூட்டுரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பரத் தன் மெஷினைச் சொருகிப் பார்த்தான். எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சாரில் ஏதோ கோளாறு என்று காட்டுகிறது என்றான். விளக்கை அணைத்துக் கொடுத்தான். ஊர் வந்து சேர்வதற்குள் அது மறுபடி எரிந்தது. அடுத்த முறை சென்சாரையே மாற்றினான். அப்போதும் எரிந்தது. வண்டி ஓடாமல் நிற்கவில்லை. சில நாள் காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும், காரணமே இல்லாமல் மின்விசிறி இரையும், அவ்வளவுதான். பழைய வண்டி, வரும் போகும், கண்டுகொள்ளாதீர்கள் என்று பரத் சொல்லிவிட்டான். அன்புராஜ் அன்றே டேப்பை வெட்டி ஒட்டினான்.

"கண்ணுலயே குத்திகினு இருந்துச்சி. இப்பத்தான் நிம்மதி" என்றான்.

சுமலதாவுக்கு இந்த மாதிரி நிம்மதி பிடிபடாது. திருவள்ளூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். கல்யாணமான பிறகு கம்பெனியில் சேர்ந்து, வந்த நாளிலிருந்து ஒரே வேலை. வயர் கட்டை ஒரு பெரிய பலகையில் விரித்து, ஒவ்வொரு முனையையும் அதனதன் இடத்தில் பொருத்த வேண்டும். எல்லாக் கம்பியும் சரியாக ஓடினால் பச்சை விளக்கு எரியும். கழற்றிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். அப்படி எத்தனையோ ஆயிரம் கார்களின் நரம்பு அவள் கை வழியாகப் போயிருக்கிறது. அந்த நரம்புகளில் என்ன ஓடுகிறது என்பதை மட்டும் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கம்பி அறுந்திருக்கிறதா இல்லையா, அதோடு அவள் வேலை முடிந்தது.

வேலையில் கை ஒரு பக்கம் ஓட, மனம் வேறு பக்கம் ஓடும். வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். தொட்டி நிரம்பினால் கத்தும் ஒரு கருவியைச் செய்து மாட்டினாள். அது நிரம்பாதபோதும் கத்தியது. கோழிக்குஞ்சு பொரிக்க ஒரு பெட்டி செய்தாள். பாதியில் அலுத்துப்போய் அதில் வெங்காயம் கொட்டி வைத்தாள். ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது அவளைக் கூப்பிடும்.

டேப் ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, காரைக் கழுவுகிறேன் என்று வெளியே போனவள் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தலையை விட்டுப் படுத்துவிட்டாள். பரத் மெஷினைச் சொருகிய இடம் எது என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. ஸ்டீரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், மேல்பக்கம் அகன்று கீழ்ப்பக்கம் குறுகிய ஒரு கறுப்பு சாக்கெட் இருந்தது. பதினாறு துளைகள். அவள் கம்பெனியில் தினமும் தொடும் அதே சாக்கெட். எந்தத் துளைக்கு எந்த நிறக் கம்பி, எந்த இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த முறுக்குக் கம்பிகளின் வழியாகத்தான் கார் பேசும் என்று அன்றுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. விடியும் முன் அன்புராஜ் அவளை பைக்கில் கொண்டுவந்து ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில் விடுவான். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் போனை எடுத்து, வீட்டிலேயே காரின் பேச்சைக் கேட்கும் கருவி செய்வது எப்படி என்று பார்த்துக்கொண்டே போவாள். பெரியபாளையத்தில் ஏறும் சோனியா, அவளோடு ஒரே வரிசையில் வேலை செய்பவள், பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பாள்.

"இது ரெடிமேடாவே கெடைக்குதுக்கா. ஆன்லைன்ல போட்டா ஊட்டுக்கே வந்துரும்" என்றாள் ஒருநாள்.

"வரும். அதுக்குள்ள இன்னா நடக்குதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?" என்றாள் சுமலதா.

சோனியாவுக்கு இது பதிலாகவே படவில்லை. தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

ஒரு லீவு நாளில் சுமலதா ரயிலேறிச் சென்னைக்குப் போய், ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து, உள்ளங்கை அளவு போர்டு ஒன்று, காரின் முறுக்குக் கம்பியோடு பேசத் தெரிந்த ஒரு சின்னச் சில்லு, நெற்றிப்பொட்டைவிடக் கொஞ்சம் பெரிய திரை, பதினாறு முள் கொண்ட பிளக் எல்லாம் வாங்கி வந்தாள். பிளக்கைக் கம்பெனியில் கழித்துப்போட்ட பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று சோனியா சொன்னாள். சுமலதாவுக்கு அதில் இஷ்டமில்லை.

அடுப்புமேடையின் ஓரத்தில் வைத்துத்தான் பாகங்களைப் பற்றவைப்பாள். ஈயப் புகை சாம்பார் வாசனையோடு கலந்து வரும். சின்னப்பொண்ணு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே போய்விடுவாள். குழம்பில் உப்பு இருக்காது, அல்லது இரண்டு முறை விழுந்திருக்கும். அன்புராஜ் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவான். கார் சாயங்காலம் வீடு திரும்பியதும் அவள் ஓடிப்போய்க் கருவியைச் சொருகுவாள். திரை ஒருநாள் எரியும், ஒருநாள் எரியாது. எரிந்தாலும் அதில் ஒரு எண்ணும் வராது. இவள் கேள்வி அனுப்புவாள். கார் பதில் சொல்லாது. மறுநாள் முழுக்கப் பச்சை விளக்குகளுக்கு நடுவே எங்கே தப்பு, எங்கே தப்பு என்று மனம் சுற்றிக்கொண்டே இருக்கும். பஸ் வீடு போய்ச் சேரும்வரை பொறுக்காது.

அப்படி ஒரு சாயங்காலம் திரை அடியோடு செத்துப்போனது. போர்டே எரிந்துவிட்டது என்று நினைத்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காயப்போட்ட நெல்லை அள்ள எல்லோரும் ஓட, அவளும் ஓடினாள். கருவி சாக்கெட்டிலேயே இருந்துவிட்டது. மறுநாள் விடியலில் பஸ்ஸுக்குப் போகும் அவசரத்தில் அவளுக்கு அது நினைவிலேயே இல்லை.

அன்று அன்புராஜ் அம்மாவை ஏற்றிக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் உறவுக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கிளம்பினான். புதுவாயலில் கல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறியதும் சாலையின் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அடுத்த நொடி மீட்டர் பலகையில் இருந்த விளக்குகள் அத்தனையும் ஒன்றாக எரிந்தன. வேகம் காட்டும் முள் விழுந்தது. ஸ்டீரிங் கல்லாக இறுகியது. பின்னால் கண்டெய்னர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இழுத்து, வண்டியைச் சாலை ஓரத்து மண்ணில் இறக்கி, பிரேக்கை மிதித்தான். சின்னப்பொண்ணு பெல்ட் போட்டிருக்கவில்லை. முன்னால் போய் விழாமல் இருக்கக் கையை ஊன்றினாள். மணிக்கட்டு மடங்கியது.

வேலை நேரத்தில் போன்கள் லாக்கரில் இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. டீ நேரத்தில் சுமலதா லாக்கரைத் திறந்தபோது அன்புராஜிடமிருந்து வரிசையாக அழைப்புகள் வந்து கிடந்தன. திரும்பக் கூப்பிட்டாள். பரத் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறோம், அம்மாவுக்குக் கையில் அடி, வா என்று மட்டும் சொல்லி அவன் வைத்துவிட்டான். பர்மிஷன் கேட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறி, அது ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் ஆள் ஏற்ற நிற்கும்போதெல்லாம் இறங்கி ஓடிவிடலாமா என்று தவித்துக்கொண்டே புதுவாயல் வந்து சேர்ந்தாள்.

சின்னப்பொண்ணு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசேஷத்துக்குக் கட்டிய பட்டுப்புடவை மண்ணாகியிருந்தது. பரத் சுமலதாவின் கருவியைக் கையில் வைத்திருந்தான். அதைப் பிடுங்கிய உடனே வண்டி சரியாகிவிட்டது என்றான். குற்றம் சொல்லும் குரலில் அவன் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்புராஜ் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் காரின் பானெட்டில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல" என்றான்.

 மறந்துவிட்டேன் என்பது ஒரு பதிலா?

மணிக்கட்டு எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டார்கள். மாடு கறப்பதிலிருந்து தண்ணீர் சுமப்பதுவரை சின்னப்பொண்ணு செய்த வேலை எல்லாம் சுமலதாவிடம் வந்தது. கருவியை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, அலமாரியின் மேல் எறிந்தாள். அன்புராஜ் கார்ச் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். அவளைத் திட்டவும் இல்லை, தொடாதே என்று சொல்லவும் இல்லை. 

எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று அவள் முடிவெடுத்தாள். முடிவு எடுத்தாளே தவிர மனம் அதில் நிற்கவில்லை. துலக்கிய பாத்திரத்தை மறுபடி துலக்கினாள். மடித்த துணியைப் பிரித்து மடித்தாள். கருவி செத்துக் கிடந்ததே, அது எப்படி நடுவழியில் உயிர்பெற்றது? உயிர்பெற்றாலும் அது கேள்விதானே கேட்டது? ஒரு கேள்வி எப்படி ஒரு காரையே நிலைகுலையச் செய்யும்? பால் கறக்கும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தவளை மாடு ஒருநாள் உதைத்தது.

சின்னப்பொண்ணு இதையெல்லாம் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் சுமலதா சுத்தமாக இருந்த வாசலை மறுபடியும் பெருக்கத் தொடங்கியபோது கூப்பிட்டாள்.

"ஏம்மா, நீ இப்புடி உருண்டுகினு கீறது எனக்குப் பேஜாரா கீது. அந்த டப்பாவ எடுத்து இன்னான்னு பாரு."

சுமலதா துடைப்பத்தோடு நின்றாள். "வேணாத்தே. உங்க கைய ஒடச்சது அதுதான்."

"ஒடச்சது தெரியுது. ஏன் ஒடச்சதுன்னு தெரியவேணாமா? ஆனா ஒண்ணு, வண்டில சொருகறதுக்கு முன்னாடி அவங்கிட்ட சொல்லு. எங்கிட்டயும் சொல்லு."

அன்று சாயங்காலமே டின் கீழே இறங்கியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது முதல் தப்பு தெரிந்தது. மின்சாரம் வரும் முள்ளில் அவள் வைத்த பற்றவைப்பு ஒட்டாமல் நின்றிருந்தது. ஆட்டினால் சேரும், ஆட்டினால் விடும். வீட்டு வாசலில் செத்துக் கிடந்தது நெடுஞ்சாலைப் பள்ளத்தில் உயிர்பெற்றது அதனால்தான். இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் ஒரே முறுக்குக் கம்பியில், ஒரே வேகத்தில், ஒன்று பேசும்போது மற்றது பொறுத்துப் பேசிக்கொள்கின்றன. இவள் எங்கிருந்தோ பார்த்துப் போட்ட வேகம் வேறொரு வகை வண்டிக்கானது. பதில் வராதபோதெல்லாம் விடாமல் திரும்பத் திரும்பக் கேள்வி அனுப்பும்படியும் அவளே எழுதி வைத்திருந்தாள். பேசிக்கொண்டிருப்பவர்களின் நடுவே புரியாத பாஷையில் ஓயாமல் கத்தியது போல. எஞ்சின் சொன்னது ஸ்டீரிங்குக்குக் கேட்கவில்லை. திருப்ப உதவும் விசையை அது கைவிட்டுவிட்டது. எஞ்சினை ஓடவிடாமல் வாசலில் சோதித்தபோது இதெல்லாம் வெளியே தெரியவில்லை.

 தன் சுபாவத்தையே அந்தச் சில்லுக்குள் ஏற்றி வைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

கருவியை மாற்றி எழுதினாள். முதலில் காது கொடுத்துக் கேட்க மட்டும் செய், வாயைத் திறக்காதே. அன்புராஜிடம் போய்ச் சொன்னாள். என்ன தப்பு நடந்தது, ஏன் நடந்தது, இப்போது என்ன மாற்றியிருக்கிறேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். வண்டி வாசலைத் தாண்டாது என்றால் சரி என்றான். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தான்.

ஞாயிறு காலை. அவன் எஞ்சினை ஓடவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின்னப்பொண்ணு மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தள்ளி நின்றாள். சுமலதா தரையில் மண்டியிட்டு கருவியின் வேகத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். ஒரு வேகத்தில் திரை நிரம்பி வழிந்தது. எண்கள், மேலும் மேலும் எண்கள். கார் இத்தனை நாளும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பிறகுதான் துணிந்து ஒரே ஒரு கேள்வி அனுப்பினாள், எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று. பதில் வந்தது.

"லேசா மெறிங்க" என்றாள்.

அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான். எண் ஏறியது. காலை எடுத்தான், இறங்கியது. கட்டிய கை எப்போது அவிழ்ந்தது என்று தெரியவில்லை. அவள் சொல்லாமலே மறுபடி மிதித்தான். மறுபடியும்.

அடுத்து எஞ்சின் சூட்டைக் கேட்டாள். அது ஒழுங்காக ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றது. கோளாறே இல்லை. வாசலில் நிற்கும்வரை வண்டி நல்ல பிள்ளைதான். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றான் அன்புராஜ். பிறகு இறங்கிப்போய்ச் செங்கற்களை எடுத்துப் போட்டான்.

பெரியபாளையம் சாலையில், மெதுவாக, ஓரமாகவே போனார்கள். வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. சுமலதா மடியில் கருவியை வைத்து, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கால்வாய்ப் பாலத்து மேட்டில் வண்டி குதித்தது. தொண்ணூறுக்குப் பக்கத்தில் இருந்த சூடு ஒரே தாவலில் மைனஸ் நாற்பதுக்கு விழுந்து, அடுத்த நொடி பழைய இடத்துக்கு வந்தது.

"மைனஸ் நாப்பது" என்று படித்துக் காட்டினாள்.

அன்புராஜ் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே வண்டியைத் திருப்பி அதே மேட்டில் மறுபடி ஏற்றினான். மறுபடி மைனஸ் நாற்பது. மூன்றாம் முறை இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புதுவாயல் சம்பவத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

அது குளிர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சென்சாரிலிருந்து ஒன்றுமே வராதபோது கார் அந்த எண்ணைத்தான் சொல்லும். சென்சார் நல்லதுதான், அதற்குப் போகும் கம்பிதான் சரியில்லை. வண்டியைப் புங்கமர நிழலில் நிறுத்தி பானெட்டைத் திறந்தார்கள். உள்ளே ஓடிய வயர் கட்டு அவள் தினமும் தொடும் பொருள். சுற்றியிருந்த உறையை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு இரும்புப் பட்டைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத வளைவில், விரலில் உமி ஒட்டியது. வைக்கோலும் உமியும் வைத்து எலி ஒன்று கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் போன கம்பியைப் பல் போட்டுக் கடித்திருந்தது. நூல் போல ஒரே ஒரு இழை மிச்சமிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது விட்டு விட்டுச் சேர்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கம்பியை ஒட்டவைத்து உறை சுற்றினாள். விளக்கை அணைக்கும் கட்டளையை அனுப்பினாள். அன்புராஜ் டேப்பை உரித்துப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. அடுத்த நாளும், அடுத்த வாரமும் எரியவில்லை. பரத்திடம் சொன்னபோது அவனுக்கு வாய்விட்டுச் சிரிப்பு. இரண்டு முறை அதே பட்டைக்கு முன்னால் நின்றேனே என்றான். நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையிலிருந்து காரை வேப்பமரத்துப் பக்கம் மாற்றி நிறுத்தினார்கள்.

காரின் விஷயம் அதோடு முடிந்தது. சுமலதாவின் விஷயம் முடியவில்லை. கம்பியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்த பிறகு பச்சை விளக்குக்கு முன்னால் நிற்பது அவளுக்கு முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது. வயர் கட்டுகளைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளோடு இணைத்து ஓட்டிப் பார்க்கும் அறை கம்பெனியில் தனியாக இருந்தது. அங்கே மாற்றிக் கொடுங்கள் என்று பிரிவு மேனேஜர் அம்புஜவல்லியிடம் போய்க் கேட்டாள். கார் நடுவழியில் நிலைகுலைந்த கதையைக் கேட்டபடி, அவள் கொண்டுபோன கருவியை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாராவது அடிபட்டார்களா என்று அவர் கேட்ட முதல் கேள்விக்கு சுமலதா உண்மையைச் சொன்னாள். இடம் காலி இல்லை, பார்க்கலாம் என்றார். மழைக்காலத்தில் அந்த அறையில் ஒரு பெண் பிரசவ விடுப்பில் போக, இவளைக் கூப்பிட்டார்கள். அங்கே போன சில வாரங்களிலேயே, பேட்டரி கார்களில் கம்பிகள் வேறு மாதிரி பேசுமாமே என்று சோனியாவிடம் பஸ்ஸில் ஆரம்பித்துவிட்டாள்.

சின்னப்பொண்ணுவின் கை கூடிவிட்டது. ஆனாலும் குளிர் நாட்களில் வலிக்கிறது. வலித்தால் அதை மறைப்பதும் இல்லை.

தை அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயில் குளத்துக்குப் போகக் கிளம்பியபோது, அவள் காரில் ஏறுவதற்கு முன் அந்தக் கருவி சொருகி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சுமலதா சொன்னாள். சின்னப்பொண்ணு குனிந்து தானே ஒருமுறை பார்த்துக்கொண்டு, பின்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டினாள். சுமலதா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊத்துக்கோட்டை கடைத்தெருவில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. சுமலதாவின் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

சின்னப்பொண்ணு அவள் முழங்காலில் கையை வைத்தாள்.

"கொஞ்சம் சும்மா குந்துமா" என்றாள்.

கால் நின்றது. ஆற்றுப் பாலம் தாண்டும்வரை நின்றிருந்தது. பிறகு மெதுவாக மறுபடி ஆடத் தொடங்கியது. சின்னப்பொண்ணு கையை எடுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.